எதிர்வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லையா? தென்னாப்பிரிக்காவில் நஷ்டத்தை வசூலிக்க முழுமையான வழிகாட்டி

"அண்ணா, அவன்கிட்ட இன்சூரன்ஸ் இல்லையாம். அப்போ அவ்வளவுதானா?" டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் கார் இடிபட்டவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். வழி இருக்கிறது. ஆனால் வரிசை மாறாமல் செய்ய வேண்டும்.

நான் வக்கீல் இல்லை. என் கார் இடிபட்டபோது டிமாண்ட் லெட்டரில் (பணம் கேட்டு எழுதும் கடிதம்) தொடங்கி ஷெரிஃப் (கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் அதிகாரி) ஆபீஸ் வரை நானே அலைந்தேன். அதன் பிறகு கோயிலில் பார்ப்பவர்கள், தெருக்காரர்கள் என்று சிலருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் எங்கெங்கே தடுக்கி விழுந்தார்கள் என்று பார்த்ததை வைத்தே இதை எழுதுகிறேன்.

இந்தியாவில் இருந்து புதிதாக வந்தவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே போல இங்கே தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம் இல்லை. சாலையில் ஓடும் வண்டிகளில் பாதிக்கும் மேல் இன்சூரன்ஸ் இல்லாதவை என்பது இன்சூரன்ஸ் துறையே சொல்லிவரும் கணக்கு. ஆகவே நீங்கள் பணம் கேட்கப் போவது ஒரு கம்பெனியிடம் இல்லை, ஒரு ஆளிடம். அந்த ஆள் யார், எங்கே குடியிருக்கிறார், யாரிடம் வேலை பார்க்கிறார் என்ற மூன்றும் கையில் இருந்தால் மீதி எல்லாம் நடக்கும். இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல வழக்கும் காகிதத்தோடு நின்றுவிடும்.

1. உடம்பு வேறு, வண்டி வேறு

உடம்பில் பட்ட காயத்துக்கும் வண்டிக்கு ஆன சேதத்துக்கும் இந்த நாட்டில் வெவ்வேறு பாதை. இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

காயம், ஆஸ்பத்திரிச் செலவு, சம்பள இழப்பு, உயிரிழப்பு ஆகியவற்றுக்கு ரோடு ஆக்சிடெண்ட் ஃபண்டிடம் போக வேண்டும். எல்லாரும் ஆர்.ஏ.எஃப். என்பார்கள். நாம் போடும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் அதற்கு ஒரு பங்கு போகிறது. இடித்தவருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா இல்லையா என்பதற்கு இங்கே வேலையே இல்லை. அந்தக் காயத்துக்காக ஓட்டுநர் மீது தனியாக வழக்குப் போடவும் பொதுவாக முடியாது.

வண்டிச் சேதத்துக்கு ஆர்.ஏ.எஃப். ஒரு சென்ட்கூடத் தராது. அதை உங்கள் சொந்த இன்சூரன்ஸில் வாங்க வேண்டும், அல்லது இடித்தவரிடமே வாங்க வேண்டும்.

2. வண்டியில் முன்பே இருக்க வேண்டியவை

ஒரு பேனா, ஒரு சின்ன நோட்டு, போன் சார்ஜர், ஒரு சாக்பீஸ். சாக்பீஸ் எதற்கு என்று கீழே வருகிறது. உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியின் டோயிங் (வண்டியை இழுத்துச் செல்லும் சேவை) நம்பரைப் போனில் சேமித்தால் மட்டும் போதாது, எழுதி டேஷ்போர்டுக்குள் போட்டு வையுங்கள். இடித்த அதிர்ச்சியில் போனில் பேர் தேடுவது லேசான காரியம் இல்லை.

ஓட்டுநர் லைசன்ஸ் கார்டும் முன்கண்ணாடியில் ஒட்டிய வண்டி லைசன்ஸ் டிஸ்க்கும் காலாவதி ஆகாமல் இருக்கட்டும். தப்பு எதிராளியுடையதாகவே இருந்தாலும், உங்கள் கார்டு காலாவதி என்றால் உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியே கேள்வி எழுப்பும்.

3. இடித்த இடத்தில்: இந்த வரிசையில்

முதலில் நிறுத்துங்கள், ஆட்களைப் பாருங்கள். யாருக்காவது அடிபட்டிருந்தால் ஆம்புலன்ஸுக்கு 10177, போலீசுக்கு 10111. செல்போனில் இருந்து 112 அடித்தாலும் போகும்.

அடிபட்டவர் இருந்தால் போலீஸ் சொல்லும் வரை வண்டிகளை நகர்த்தக் கூடாது. சாலையையே மறித்துக்கொண்டு நின்றால் ஓரம் கட்டலாம், ஆனால் வண்டி நின்ற இடத்தைக் குறித்துவிட்டுத்தான். சாக்பீஸ் இதற்கு. நாலு டயர் நின்ற இடத்திலும் தரையில் ஒரு கோடு போட்டு, அதைப் படம் எடுத்துவிட்டு நகர்த்துங்கள்.

அடுத்தது படங்கள். எல்லாரும் நொறுங்கிய பம்பரை இருபது கோணத்தில் எடுக்கிறார்கள். அது சேதத்தைக் காட்டும், யார் தப்பு என்பதைக் காட்டாது. முதலில் தூரத்தில் நின்று இரண்டு வண்டியும், ரோபோட்டும் (டிராஃபிக் சிக்னலை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்), ஸ்டாப் பலகையும், சாலைக் கோடுகளும் ஒரே படத்தில் வரும்படி எடுங்கள். பிரேக் தேய்ந்த தடம், சிதறிக் கிடக்கும் கண்ணாடித் துண்டு இரண்டையும் எடுங்கள். எந்த இடத்தில் மோதல் நடந்தது என்று பிறகு சண்டை வந்தால் கண்ணாடித் துண்டுதான் சாட்சி சொல்லும். பம்பரைக் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம், அது எங்கேயும் ஓடிவிடாது.

அப்புறம்தான் ஆள். "இன்சூரன்ஸ் இருக்கா?" என்று கேட்டு, "இல்லை" என்று பதில் வந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் சேர்க்க வேண்டியவை வேறு:

- ஓட்டுநர் லைசன்ஸ் கார்டின் இரண்டு பக்கமும். பேர், ஐ.டி. நம்பர் அதில் இருக்கும்.
- முன்கண்ணாடியில் ஒட்டிய லைசன்ஸ் டிஸ்க். நம்பர் பிளேட் போலியாக இருக்கலாம். டிஸ்க்கில் ரெஜிஸ்டர் நம்பர், இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் எல்லாம் உண்டு. இரண்டும் பொருந்துகிறதா என்று அங்கேயே பாருங்கள்.
- குடியிருக்கும் முகவரி. லைசன்ஸ் கார்டில் முகவரி இருக்காது. கேட்டு எழுதினால்தான் உண்டு.
- வண்டி யாருடையது, அவர் முகவரி என்ன.
- எங்கே வேலை செய்கிறார், இப்போது வேலை நேரமா.

சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 61ஆம் பிரிவுப்படி, நியாயமான காரணத்தோடு கேட்பவருக்குத் தன் பேர், முகவரி, வண்டி உரிமையாளரின் பேர், முகவரி, வண்டி நம்பர் ஆகியவற்றைச் சொல்ல ஓட்டுநர் கடமைப்பட்டவர். "அதெல்லாம் சொல்ல முடியாது" என்றால் சண்டை போடாமல் இந்தச் சட்டத்தைச் சொல்லுங்கள். பலர் அத்தோடு வழிக்கு வந்துவிடுவார்கள்.

போன் நம்பரை வாங்கிக்கொண்டு அப்படியே வந்துவிடாதீர்கள். அவர் எதிரிலேயே அடித்து, அவர் பையில் மணி அடிக்கிறதா பாருங்கள். பிறகு அங்கேயே ஒரு வாட்ஸ்அப்: "இன்று மாலை 5.40க்கு இந்த ரோபோட்டில் உங்கள் பக்கி என் கார் பின்னால் மோதியது. இது என் நம்பர்." (பக்கி என்றால் பிக்கப் வண்டி.) அவர் "ஓகே" என்று ஒரு வார்த்தை பதில் போட்டாலும் போதும். அன்றைக்கு அந்த இடத்தில் அவர்தான் இருந்தார் என்பதற்கு அதுவே சாட்சி.

வேலை விவரம் ஏன் என்று கேட்பீர்கள். ஓட்டியவர் முதலாளியின் வேலையாக வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் முதலாளியும் பொறுப்பு. மினிபஸ் டாக்ஸி, டெலிவரி வேன், கம்பெனி பக்கி எல்லாவற்றிலும் இது முக்கியம். கதவில் எழுதியிருக்கும் பேர், டாக்ஸி சங்கத்தின் ஸ்டிக்கர் எல்லாவற்றையும் படம் எடுங்கள்.

சாட்சிகளை விடாதீர்கள். பெட்ரோல் பங்க் ஊழியர், பின்னால் வந்த கார்க்காரர், யாரானாலும் பேரும் நம்பரும் போதும். பக்கத்துக் கடையில் கேமரா இருந்தால் அன்றைக்கே போய்க் கேளுங்கள். பல கேமராக்கள் சில நாட்களில் பழைய பதிவை அழித்துவிட்டு மேலேயே எழுதும்.

இரண்டு விஷயங்களை மட்டும் அங்கே செய்யாதீர்கள். "சாரி, என் தப்புதான்" என்று மரியாதைக்காகக்கூடச் சொல்லாதீர்கள். அப்புறம், "இந்தாங்க ஆயிரம் ராண்ட், இத்தோட முடிச்சுக்கலாம்" என்று நீட்டினால் வாங்காதீர்கள். பம்பருக்குப் பின்னால் ரேடியேட்டரும் சேஸிஸும் எப்படி இருக்கின்றன என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. வாங்கிய ஆயிரத்தைக் காட்டி, கணக்கு தீர்ந்தது என்று அவர் கோர்ட்டில் சொல்வார்.

4. டோ டிரக்

போலீஸ் வருவதற்கு முன்பே டோ டிரக்குகள் வந்து நிற்கும். யார் கூப்பிட்டது என்று யாருக்கும் தெரியாது. உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பியதாகச் சொன்னாலும் நம்பாமல், நீங்களே கம்பெனிக்கு அடித்து ஒப்புதல் எண் கேளுங்கள். ஒப்புதல் இல்லாத டோயிங்கின் செலவைக் கம்பெனி தராமல் போகலாம்.

இன்சூரன்ஸே இல்லையென்றால் இழுப்பதற்கு எவ்வளவு, எந்த யார்டுக்குப் போகிறது, ஒரு நாள் ஸ்டோரேஜ் எவ்வளவு என்று மூன்றும் படிவத்தில் எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ரிப்பேரை விட ஸ்டோரேஜ் பில் பெரிதாக ஏறிய கதைகள் உண்டு. முடிந்தால் நேராக வீட்டுக்கோ தெரிந்த பேனல் பீட்டரிடமோ (பாடி ரிப்பேர்காரர்) இழுக்கச் சொல்லுங்கள்.

5. போலீஸ் ஸ்டேஷனும் ஏ.ஆர். நம்பரும்

யாராவது காயப்பட்டாலோ இறந்தாலோ 24 மணி நேரத்துக்குள் புகார் செய்ய வேண்டும். வண்டிச் சேதம் மட்டும் என்றால் அடுத்த வேலை நாளுக்குள். லைசன்ஸ் கார்டைக் கையோடு கொண்டு போங்கள், அங்கே காட்ட வேண்டும்.

ஆக்சிடெண்ட் ரிப்போர்ட் நிரப்பியதும் ஒரு ஏ.ஆர். நம்பர் தருவார்கள். அது இல்லாமல் ஸ்டேஷனை விட்டு வெளியே வராதீர்கள். இன்சூரன்ஸ், ஆர்.ஏ.எஃப்., கோர்ட் மூன்றிலும் முதலில் கேட்பது அதைத்தான்.

அந்தப் படிவத்தில் வரைபடத்துக்கு ஒரு கட்டம் இருக்கும். நீங்களே நிதானமாக வரைந்து, அம்புக்குறி போட்டு, ரோபோட் எந்த நிறத்தில் இருந்தது என்று எழுதுங்கள். உங்கள் வார்த்தையில் நீங்கள் சொன்னது வேறு, அவசரத்தில் அதிகாரி எழுதியது வேறு என்று இருந்தால் கையெழுத்துக்கு முன் திருத்தச் சொல்லுங்கள். இந்தத் தாள் பல மாதம் கழித்து உங்கள் முன்னால் வந்து நிற்கும்.

எதிராளி குடித்திருந்தாலோ நிற்காமல் ஓடிவிட்டாலோ ஏ.ஆர். நம்பர் மட்டும் போதாது. குற்ற வழக்காகப் பதியச் சொல்லி கேஸ் நம்பரும் வாங்குங்கள். ஆனால் குற்ற வழக்கு நடக்கிறது என்பதற்காக நஷ்டப் பணம் தானாக வந்துவிடாது. அதை நீங்கள்தான் துரத்த வேண்டும்.

6. உங்களுக்கு இன்சூரன்ஸ் இருந்தால்

காம்ப்ரிஹென்சிவ் பாலிசி (உங்கள் வண்டிச் சேதத்துக்கும் சேர்த்துத் தருவது) என்றால் வேலை பாதியாகக் குறையும். உடனே தெரிவியுங்கள், பாலிசியில் கெடு எழுதியிருக்கும். கம்பெனி உங்கள் எக்சஸைக் (கிளெய்மில் நீங்களே ஏற்க வேண்டிய பங்கு) கழித்துக்கொண்டு ரிப்பேருக்குப் பணம் கொடுத்துவிட்டு, பிறகு உங்கள் பேரில் இடித்தவரைத் துரத்தும்.

இங்கே பலர் விட்டுவிடுவது எக்சஸை. "இடித்தவரிடம் வசூல் செய்யும்போது என் எக்சஸையும் சேர்த்துக் கேட்பீர்களா?" என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். இல்லை என்றால் அந்தத் தொகைக்கு நீங்களே போகலாம். கம்பெனிக்குச் சொல்லாமல் இடித்தவரோடு தனியாகப் பேசி முடித்தால் மட்டும், கம்பெனி உங்கள் கிளெய்மையே மறுக்க இடம் கொடுத்தவர் ஆவீர்கள்.

தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்தவர்களுக்கு வருத்தமான செய்தி: அது நீங்கள் பிறருக்குச் செய்த சேதத்துக்குத்தான். உங்கள் காருக்கு அதில் எதுவும் இல்லை. அப்படியே அடுத்த படிக்குப் போங்கள்.

கம்பெனி நியாயமில்லாமல் மறுத்தால் நேஷனல் ஃபைனான்ஷியல் ஆம்பட் ஸ்கீமிடம் (இன்சூரன்ஸ், பேங்க் புகார்களை விசாரிக்கும் அமைப்பு) புகார் செய்யலாம். முன்பு தனித்தனியாக இருந்த ஆம்பட் அலுவலகங்கள் சேர்ந்து 2024 மார்ச்சில் இருந்து இந்தப் பேரில் இயங்குகின்றன. நமக்குக் கட்டணம் இல்லை.

7. காயம் பட்டிருந்தால்: ஆர்.ஏ.எஃப்.

அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். "கழுத்து கொஞ்சம் வலிக்குது, சரியாயிடும்" என்று விட்டு மூன்று வாரம் கழித்துப் போனால், அந்த வலிக்கும் விபத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று நிரூபிப்பது பெரும்பாடு.

இடித்த ஓட்டுநரோ வண்டியோ யாருடையது என்று தெரிந்தால் விபத்து நாளில் இருந்து 3 ஆண்டுக்குள் கிளெய்ம் தாக்கல் செய்ய வேண்டும். அடித்துவிட்டு ஓடி, யாரென்றே தெரியாவிட்டால் 2 ஆண்டுதான். நம்பர் பிளேட்டை ஒருவர் பார்த்திருந்தால் கெடுவே மாறுகிறது. சாட்சி நம்பர் வாங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆர்.ஏ.எஃப். 1 படிவத்தில் மருத்துவப் பகுதியைச் சிகிச்சை செய்த டாக்டர் நிரப்ப வேண்டும். கூடவே விபத்து எப்படி நடந்தது என்று ஒரு அஃபிடவிட் (சத்தியப் பிரமாண வாக்குமூலம்), ஏ.ஆர். நம்பர், ஆஸ்பத்திரிப் பதிவுகள், பில்கள், சம்பளச் சீட்டுகள், ஐ.டி. நகல். வெளிநாட்டுக்காரர் என்றால் பாஸ்போர்ட் நகல். அஃபிடவிட்டைப் போலீஸ் ஸ்டேஷனிலேயே இலவசமாக உறுதி செய்து முத்திரை போட்டுத் தருவார்கள்.

வலி வேதனைக்கான நஷ்டஈடு கடுமையான காயங்களுக்கு மட்டும்தான். அதற்கு டாக்டர் ஆர்.ஏ.எஃப். 4 என்ற தனி அறிக்கை தர வேண்டும். தப்பில் உங்களுக்கும் பங்கு இருந்தால் அந்த அளவுக்குத் தொகை குறையும். பயணிகளுக்கு அப்படி இல்லை. ஏதோ ஒரு ஓட்டுநரிடம் சிறு தப்பு இருந்தாலும் முழுத் தொகை கேட்கலாம்.

நேரடியாகவே தாக்கல் செய்யலாம், டர்பனிலும் அலுவலகம் இருக்கிறது. ஆனால் காயம் பெரிது என்றால் வக்கீல் வையுங்கள் என்றுதான் சொல்வேன். வெற்றி பெற்றால் மட்டும் கட்டணம் என்ற ஒப்பந்தத்தில், கட்டணம் அவருடைய வழக்கமான கட்டணத்தின் இரு மடங்கு, வரும் தொகையில் 25 சதவீதம், இந்த இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே வந்து கையெழுத்துக் கேட்பவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். பொறுமையும் வேண்டும், ஆர்.ஏ.எஃப். கிளெய்ம் மாதக் கணக்கில் இல்லை, ஆண்டுக் கணக்கில் நகரும்.

8. வண்டிச் சேதத்தைக் கணக்கிடுவது

ரிப்பேர் செய்வதற்கு முன் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று பேனல் பீட்டர்களிடம் எழுத்து மதிப்பீடு வாங்குங்கள். லெட்டர்ஹெட், தேதி, கார் நம்பர், ஒவ்வொரு பாகத்துக்கும் தனி விலை வேண்டும். "முன்பக்க வேலை, 18,000" என்று ஒரு வரியில் எழுதிய சீட்டை எதிராளி எளிதில் உடைத்துவிடுவார்.

ரிப்பேர்ச் செலவு காரின் விலையையே தாண்டினால் ரிப்பேர்ச் செலவைக் கேட்க முடியாது. விபத்துக்கு முன் காரின் சந்தை விலையில் இருந்து, நொறுங்கிய காரை விற்றால் வரும் தொகையைக் கழித்ததுதான் உங்கள் நஷ்டம். பழைய கார் வைத்திருப்பவர்கள் இதில்தான் ஏமாற்றம் அடைகிறார்கள். சந்தை விலைக்கு, அதே மாடல், அதே ஆண்டுக் கார்களின் விற்பனை விளம்பரங்களைத் தேதியோடு சேமியுங்கள்.

டோயிங், ஸ்டோரேஜ், கார் இல்லாத நாட்களில் வாடகைக் கார், எல்லாவற்றையும் ரசீதோடு சேருங்கள். ரசீது இல்லாத செலவைக் கணக்கில் ஏற்றாதீர்கள். ஒரு பொய்க் கணக்கு அகப்பட்டால் மீதிக் கணக்கையும் யாரும் நம்பமாட்டார்கள்.

9. யார் மீது?

ஓட்டியவர் மீது, சந்தேகம் இல்லாமல். வண்டி உரிமையாளர் மீது, ஓட்டியவர் அவருடைய வேலையாளாகவோ அவர் சொன்ன காரியமாகவோ ஓட்டியிருந்தால் மட்டும். வண்டி அவர் பேரில் இருக்கிறது என்பதே போதாது. மாமாவின் காரை வாங்கிக்கொண்டு மருமகன் தன் வேலையாகப் போயிருந்தால் மாமாவைப் பிடிக்க முடியாது.

"இன்சூரன்ஸ் இல்லை" என்ற பேச்சையும் அப்படியே நம்ப வேண்டாம். எக்சஸ் கட்டப் பயந்தோ, பிரீமியம் ஏறும் என்றோ மறைப்பவர்கள் உண்டு. புதிய கார், பேங்க் கடனில் வாங்கியது என்று தெரிந்தால் காம்ப்ரிஹென்சிவ் இன்சூரன்ஸ் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பேங்குகள் அது இல்லாமல் கடன் தருவதில்லை.

10. டிமாண்ட் லெட்டர்

கோபத்தைக் கொட்டும் இடம் இது இல்லை. கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது, நாளை கோர்ட்டில் வழக்கை விசாரிக்கும் கமிஷனர் படிக்கப் போகிறார். ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள்; விஷயம் இவ்வளவுதான்:

"மார்ச் 12 அன்று மாலை 5.40 மணிக்கு, சாட்ஸ்வொர்த்தில், சிவப்பு ரோபோட்டில் நின்றிருந்த என் காரின் பின்பக்கத்தில் நீங்கள் ஓட்டி வந்த பக்கி மோதியது. போதிய இடைவெளி விடாமலும் உரிய நேரத்தில் பிரேக் போடாமலும் ஓட்டியதே காரணம். ஏ.ஆர். நம்பர் இது. ரிப்பேருக்கு 16,400 ராண்ட், டோயிங்குக்கு 1,500 ராண்ட், மொத்தம் 17,900 ராண்ட். மதிப்பீடுகள் இணைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த 14 நாளுக்குள் செலுத்தாவிட்டால் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பேன். உங்களுக்கு இன்சூரன்ஸ் இருந்தால் இதை அவர்களிடம் உடனே கொடுங்கள்."

"கவனக்குறைவாக ஓட்டினீர்கள்" என்று மட்டும் எழுதாமல், எப்படிக் கவனக்குறைவு என்று எழுத வேண்டும். வழக்கே அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

ரெஜிஸ்டர்டு தபாலிலும் அனுப்பலாம். எனக்கு நம்பிக்கை கையில் கொடுப்பதில்தான்: இரண்டு நகல், ஒன்றில் அவர் கையெழுத்தும் தேதியும். கையெழுத்துப் போட மறுத்தால், உடன் வந்தவர் பார்த்ததை அஃபிடவிட்டாக எழுதுங்கள். தனியாகப் போகாதீர்கள், இருட்டிய பிறகு போகாதீர்கள். வாட்ஸ்அப்பில் கூடுதலாக அனுப்பலாம், ஆனால் அது மட்டும் போதும் என்று இருக்க வேண்டாம்.

11. தவணையில் தருகிறேன் என்றால்

ஒத்துக்கொள்ளுங்கள், ஆனால் எழுத்தில். கடனை ஒப்புக்கொள்ளும் பத்திரம் ஒன்று போதும்: மொத்தத் தொகை, மாதா மாதம் எவ்வளவு, எந்தத் தேதி, ஒரு தவணை தவறினால் மீதி முழுவதும் உடனே தர வேண்டும் என்ற வரி, ஐ.டி. நம்பர், முகவரி, இரண்டு சாட்சிக் கையெழுத்து.

இதில் ஒரு பெரிய லாபம் உண்டு. இனி யார் தப்பு என்ற விவாதமே இல்லை; அவர் கடன்பட்டவர், அவ்வளவுதான். மேலும், வண்டிச் சேதத்துக்கான உரிமை 3 ஆண்டில் காலாவதி ஆகும். கடனை ஒப்புக்கொண்ட நாளில் இருந்து அந்த 3 ஆண்டு புதிதாக ஓடத் தொடங்கும். வாய்ப்பேச்சை நம்பி "அடுத்த மாசம், அடுத்த மாசம்" என்று கெடுவைத் தாண்ட விட்டவர்கள்தான் பாவம்.

12. ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்

14 நாள் கழிந்தும் பதில் இல்லையா, சிறு தொகை வழக்குகளுக்கான இந்தக் கோர்ட்டுக்கு வாருங்கள். 2019 ஏப்ரலில் இருந்து உச்ச வரம்பு 20,000 ராண்ட். உங்கள் நஷ்டம் 26,000 என்றால் 6,000த்தை விட்டுக்கொடுத்துவிட்டு 20,000க்கு இங்கே போடலாம். பெரும்பாலானவர்களுக்கு அதுவே நல்லது என்பது என் கருத்து. மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் அந்த 6,000 வக்கீல் கட்டணத்துக்கே காணாது. நஷ்டம் அறுபதாயிரம், எண்பதாயிரம் என்றால் கணக்கு வேறு; அப்போது வக்கீலோடு மாஜிஸ்ட்ரேட் கோர்ட். மாவட்ட அளவில் 200,000 ராண்ட் வரை போடலாம்.

தனி மனிதர்கள்தான் இங்கே வழக்குப் போட முடியும். கார் உங்கள் கம்பெனி பேரில் இருந்தால் முடியாது. எதிராளி கம்பெனியாக இருக்கலாம், அதில் தடை இல்லை.

எந்த ஊர்க் கோர்ட்? எதிராளி குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் பகுதி, அல்லது விபத்து நடந்த பகுதி. சாட்ஸ்வொர்த்துக்கு அங்கேயே மாஜிஸ்ட்ரேட் கோர்ட் இருக்கிறது. ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கம் என்றால் முதலில் வெருலத்தில் விசாரியுங்கள். டிமாண்ட் லெட்டர், அதைக் கொடுத்ததற்கான ஆதாரம், மதிப்பீடுகள், ஏ.ஆர். நம்பர், எதிராளியின் முகவரி எல்லாவற்றோடும் கிளார்க்கிடம் போனால் சம்மன் தயாரிக்க உதவுவார். கொடுத்ததற்கான ஆதாரம் இல்லாமல் வந்து திரும்பிப் போகிறவர்கள்தான் அந்தக் கவுண்டரில் அதிகம்.

சம்மனை நீங்களே கொடுக்கலாம், ஷெரிஃப் மூலமும் கொடுக்கலாம். ஷெரிஃப் கட்டணம் கொஞ்சம் ஆகும், ஆனாலும் அதையே தேர்ந்தெடுங்கள். அவர் எழுதித் தரும் அறிக்கையை "எனக்கு வரவே இல்லை" என்று எதிராளி தள்ளிவிட முடியாது. முகவரி தப்பாக இருந்தால் இங்கேதான் எல்லாம் நின்றுபோகும்.

விசாரணை நாளில் வக்கீல்கள் யாரும் பேச மாட்டார்கள், இரண்டு தரப்புக்கும் அதே விதி. பல இடங்களில் கோர்ட் மாலையில்தான் கூடும். கமிஷனர் நேராக உங்களைக் கேட்பார்: என்ன நடந்தது, எவ்வளவு நஷ்டம், ஆதாரம் எங்கே. போனை நீட்டிப் படம் காட்டாதீர்கள். எல்லாவற்றையும் அச்செடுத்து மூன்று செட்டாகக் கொண்டு போங்கள். சாட்சி நேரில் வந்தால் பலம் அதிகம். வீட்டுப் பெரியவர்களுக்கு ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் என்றால் கிளார்க்கிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அன்றைக்குப் போய் நிற்காதீர்கள்.

எதிராளி வராவிட்டால், சம்மன் சரியாகச் சேர்ந்திருந்தால், அவர் இல்லாமலே தீர்ப்பு கிடைக்கலாம். வந்தால், "அவர் திடீரென்று பிரேக் போட்டார்" என்பார். தூரத்தில் நின்று எடுத்த படங்கள் அப்போதுதான் பேசும். இருவருக்கும் தப்பில் பங்கு என்று கமிஷனர் முடிவு செய்தால் அந்த விகிதத்தில் தொகை குறையும். இந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

13. தீர்ப்புக்குப் பிறகு

தீர்ப்பு வந்ததும் பணம் வந்துவிடும் என்று நினைத்து ஓய்ந்துவிடுகிறார்கள். கோர்ட் வசூல் செய்து தராது. அவர் கட்டாவிட்டால் மாஜிஸ்ட்ரேட் கோர்ட் வழியாக ஷெரிஃபை அனுப்பிப் பொருட்களை ஜப்தி செய்யலாம், அல்லது அவரைக் கோர்ட்டுக்கு அழைத்து வருமானத்தை விசாரித்து மாதத் தவணை விதிக்கச் சொல்லலாம்.

நிலையான சம்பளக்காரர் என்றால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். பழைய டி.வி.யும் சோபாவும் ஏலத்தில் எவ்வளவு போகும்? சம்பளத்தில் இருந்தே முதலாளி பிடித்து அனுப்பும்படி உத்தரவு வாங்கவும் வழி உண்டு. விபத்து நடந்த இடத்தில் "எங்கே வேலை?" என்று கேட்டு எழுதிய அந்த ஒரு வரி இப்போது பணமாகும்.

ஷெரிஃப் "ஜப்தி செய்ய எதுவும் இல்லை" என்று எழுதித் தந்தால் அதையும் தீர்ப்போடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். தீர்ப்புக் கடன் 30 ஆண்டு உயிரோடு இருக்கும். இன்றைக்கு வேலை இல்லாதவருக்கு அடுத்த ஆண்டு வேலை கிடைக்கலாம். அப்போது அதே தாளை எடுத்துக்கொண்டு அதே கவுண்டருக்குப் போகலாம்.